ஆராய்ச்சி மாணவர் இராமானுஜன்

கல்வியில் ஆர்வம் உடையார் பலர். அவருள் வறுமை காரணமாகக் கல்வியைக் கைவிட்டாரும் பலர். அத்தகையோர்க்குக் கைகொடுக்கும் பொருட்டு ஏற்பட்டதே உதவிச் சம்பளம் என்னும் முறை. வாடும் பயிருக்கு வேண்டிய காலத்திற் பாய்ந்த நீர் போலத் தக்கார்க்குத் தக்க காலத்திற் கிடைக்கும் உதவி, அவரை மட்டுமன்றி அவர் பிறந்த நாட்டையும் உயர்த்தும். கணித மேதை சீனிவாச இராமானுஜனது வாழ்க்கை இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாகும். அவர் ஓர் உதவிச் சம்பளத்தை இழந்து அல்லலுற்றார்; மற்றோர் உதவிச் சம்பளத்தைப் பெற்று உலகப் புகழ் எய்தினார்.

இராமானுஜன் 1887 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22 ஆம் நாள், ஈரோட்டில் தம் தாயைப் பெற்ற பாட்டியின் இல்லத்திற் பிறந்தார். அவர் வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையிற் கணக்கு எழுதி வந்தார். அவருக்குத் திங்கள்தோறும் கிடைத்த ஊதியம் ஏறத்தாழ 20 ரூபாயே. தாயார் கோமளத்தம்மாள் இறைப்பற்று மிக்கவர். அவ்வூர் நகர உயர்நிலைப் பள்ளியிற் பயின்ற காலத்திலேயே இராமானுஜனது கணிதத் திறமை ஆசிரியரையும் மாணவரையும் வியப்பில் ஆழ்த்தியது. ஆங்கில நாட்டினரான கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்குக் கிட்டியது. ஆயிரக்கணக்கான கணித உண்மைகள் அதில் நிரல்படக் கூறப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் இல்லை. அவ்விளக்கங்களைத் தாமே காண முற்பட்ட இளைஞர், நூலில் இல்லாத புதிய உண்மைகளையும் கண்டறியத் தொடங்கினார்.

1904 ஆம் ஆண்டில் அவர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவிச் சம்பளத்துடன் சேர்ந்தார். ஆனால், அவர் உள்ளம் முழுவதும் கணிதத்திலேயே தோய்ந்து கிடந்தது. பிற பாடங்கள் நடைபெறும் வேளையிலும் அவர் எண்களோடு உறவாடிக் கொண்டிருந்தார். அதனால் ஆங்கிலத்திற் போதிய மதிப்பெண் பெறாது போயினார். உதவிச் சம்பளமும் நின்றது. கல்லூரிக் கட்டணம் செலுத்த வழியற்ற நிலையில், 1905 ஆம் ஆண்டில் வீட்டாரிடமும் சொல்லாது விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். மறு ஆண்டு சென்னை பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து படித்தார். அங்கும் கணிதம் ஒன்றிலே சிறந்து பிற பாடங்களில் தவறினமையால், எப். ஏ. தேர்வில் அவர் வெற்றி பெறவில்லை. பட்டம் பெறும் வாயில் இவ்வாறு அடைபட்டது. அவர் கணிதத்தை விட்டாரல்லர். கணிதமும் அவரை விடவில்லை. தாள் வாங்கப் பொருள் இன்மையாற் கற்பலகையில் எழுதிக் கணக்கிட்டு, கிடைத்த முடிவுகளை மட்டும் குறிப்பேடுகளிற் பதிந்து வைத்தார். எழுதியதை அழிப்பதற்கு அவர் முழங்கையே துணியாயிற்று.

1909 ஆம் ஆண்டில் அவருக்குச் சானகியம்மாளுடன் திருமணம் நடைபெற்றது. இனி, பொருள் ஈட்டுதல் இன்றியமையாததாயிற்று. 1910 ஆம் ஆண்டில், இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவரும் திருக்கோவலூரில் டிப்டி கலெக்டராக இருந்தவருமான வி. இராமசாமி ஐயரை அணுகி, அவர் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை வேண்டினார். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த இராமசாமி ஐயர், இத்துணை அறிவை வருவாய்த் துறையின் கடைநிலைப் பணியிற் புதைத்தல் ஆகாது எனக் கருதினார். வேலை தராது, சென்னையிலுள்ள கணித அறிஞர்க்குப் பரிந்துரை தந்து அனுப்பினார். அன்று அவர் வேலை தந்திருப்பின், அந்த நல்லெண்ணமே இராமானுஜனுக்குத் தளையாய் முடிந்திருக்கும்.

சென்னையில் அவருக்குத் துணை நின்றவருள் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் குறிப்பிடத்தக்கவர். அவர் திங்கள்தோறும் 25 ரூபாய் அளித்துச் சில காலம் இராமானுஜனைப் புரந்தார். உதவிச் சம்பளம் ஒன்று பெற்றுத்தர நண்பர்கள் செய்த முயற்சிகள் அக்காலத்திற் கைகூடவில்லை. பிறர் பொருளில் நெடுநாள் வாழ்தலை இராமானுஜன் விரும்பினாரல்லர். எனவே, 1912 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். அக்கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவரும், அலுவலர் நாராயண ஐயரும் அவர்தம் பெருமையை உணர்ந்து ஆதரித்தனர்.

1913 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16 ஆம் நாள், இராமானுஜன் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக் கழகக் கணிதப் பேரறிஞர் ஹார்டி என்பவர்க்கு ஒரு மடல் வரைந்தார். தமக்குப் பல்கலைக் கழகக் கல்வி இல்லை என்பதையும், தாம் ஓர் எழுத்தர் என்பதையும் ஒளியாது கூறித் தாம் கண்ட உண்மைகள் பலவற்றை உடன் அனுப்பினார். அவற்றைக் கண்டு வியந்த ஹார்டி, ஊக்கமூட்டும் மறுமொழி விடுத்தார். இராமானுஜன் மீண்டும் எழுதிய மடலில் தம் நிலையை மறைக்கவில்லை. தாம் அரைப் பட்டினியில் வாழ்வதையும், அறிவு தொழிற்பட வேண்டின் முதலில் உணவு வேண்டும் என்பதையும் உரைத்தார். ஹார்டியின் பரிவுமிக்க மடல் ஒன்று, பல்கலைக் கழகத்திடமிருந்தோ அரசாங்கத்திடமிருந்தோ உதவிச் சம்பளம் பெறத் தமக்குத் துணை புரியும் எனவும் தெரிவித்தார். ஆராய்ச்சி உதவி வேண்டி அவர் விடுத்த விண்ணப்பம் என அம்மடலைக் கூறலாம். அதில் மிகைபடக் கூறலும் இல்லை. தன்னைத் தாழ்த்திக் கெஞ்சுதலும் இல்லை.

அந்நாளில் இந்திய வானிலை ஆராய்ச்சித் துறையின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் என்பவர் சென்னைக்கு வந்தார். அவர் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று முதன்மை பெற்றவர். ஸ்பிரிங் காட்டிய குறிப்பேட்டைக் கண்ட வாக்கர், 1913 பிப்ரவரி 26 ஆம் நாள் சென்னைப் பல்கலைக் கழகப் பதிவாளர்க்குக் கடிதம் எழுதினார். அக்கணிதத்தின் புதுமை, கேம்பிரிட்ஜ்க் கல்லூரி ஒன்றின் கணித ஆய்வாளரது பணியோடு ஒப்பிடத்தக்கது என்றார். நிறைவும் துல்லியமும் இன்னும் வேண்டும் என்பதையும் மறையாது சுட்டினார். வயிற்றுக் கவலையின்றிச் சில ஆண்டுகள் கணிதத்திலேயே ஈடுபட இவ்விளைஞர்க்குப் பல்கலைக் கழகம் வழி செய்யலாம் எனப் பரிந்துரைத்தார்.

மார்ச்சுத் திங்கள் 19 ஆம் நாள் பல்கலைக் கழகக் கணிதப் பாடக்குழு கூடியது. பேராசிரியர் அனுமந்த ராவ் அக்குழுவின் தலைவர். திங்களுக்கு 75 ரூபாய் வீதம் 2 ஆண்டுகட்கு ஆராய்ச்சி உதவிச் சம்பளம் வழங்கலாம் எனக் குழு முடிவு செய்தது. ஆனால், அம்முடிவை ஏற்க வேண்டிய ஆட்சிக் குழுவின் முன் ஒரு தடை எழுந்தது. இத்தகைய உதவி, முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே உரியது என்பது விதி. இராமானுஜனோ எப். ஏ. தேர்வையும் கடவாதவர். விதியின்படி நோக்கின், அவர் விண்ணப்பம் தள்ளத்தக்கதே.

ஏப்பிரல் திங்கள் 7 ஆம் நாள் ஆட்சிக் குழு கூடியபோது, உயர்நீதிமன்ற நடுவர் பி. ஆர். சுந்தரமையர் ஒரு வினாவை எழுப்பினார். பல்கலைக் கழகத்தைத் தோற்றுவித்த சட்டத்தின் முகவுரையில், ஆராய்ச்சியை வளர்த்தலும் அதன் கடமை எனக் கூறப்பட்டுள்ளதன்றோ என்பதே அவ்வினாவின் கருத்து. பட்டம் என்பது ஆராயும் ஆற்றல் உண்டு என்பதற்கு ஓர் அடையாளம். ஆற்றலே கண்முன் விளங்கும்போது அடையாளத்தைத் தேடி நிற்றல் வேண்டா. குழுவினர் இதனை ஏற்றனர். உதவிச் சம்பளம் வழங்கப்பட்டது. விதியைக் காக்க வேண்டிய நடுவரே விதியின் நோக்கத்தை எடுத்துக் காட்டியமை நினைந்து போற்றத்தக்கது.

துறைமுகக் கழகம் அவருக்கு ஊதியமில்லா விடுப்பு அளித்தது. 1913 மே முதல் நாளிலிருந்து இராமானுஜன் ஆராய்ச்சி மாணவரானார். மூன்று திங்கட்கு ஒருமுறை தம் ஆய்வைப் பற்றிப் பல்கலைக் கழகத்திற்கு அறிக்கை தருதல் அவரது கடமை. பிற பாடங்களைப் புறக்கணித்து முன்னர் உதவியை இழந்தவர், இக்கடமையிற் சிறிதும் தவறவில்லை. முதல் அறிக்கை ஆகஸ்டுத் திங்களிலும், இரண்டாவது நவம்பரிலும், மூன்றாவது 1914 மார்ச்சிலும் அவரால் அளிக்கப்பட்டன. தொகையீட்டுக் கணக்குகள் பலவற்றைத் தீர்க்க உதவும் பொதுவிதி ஒன்றை அவ்வறிக்கைகளில் அவர் விளக்கினார். அது பிற்காலத்தில் இராமானுஜனது தலைமைத் தேற்றம் எனப் பெயர் பெற்றது.

ஹார்டியின் அழைப்பை முதலில் ஏற்கத் தயங்கிய இராமானுஜன், சென்னைக்கு வந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் நெவில் என்பவரின் முயற்சியால் இங்கிலாந்து செல்ல இசைந்தார். ஆண்டொன்றுக்கு 250 பவுன் உதவிச் சம்பளமும் வழிச்செலவும் பல்கலைக் கழகம் வழங்கியது. அத்தொகையில் ஒரு பகுதியைத் தம் பெற்றோர்க்கு அளிக்குமாறு ஏற்பாடு செய்துவிட்டு, 1914 மார்ச்சு 17 ஆம் நாள் அவர் கப்பல் ஏறினார். அங்கு ஹார்டியுடன் சேர்ந்து அரிய ஆய்வுகள் பல செய்தார். 1916 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியின் பயனாகக் கேம்பிரிட்ஜ்ப் பட்டம் அவரை வந்தடைந்தது. தேர்வு மறுத்த பட்டத்தை ஆராய்ச்சி தந்தது. 1918 ஆம் ஆண்டில் இராயல் சங்கத்தின் உறுப்பினராகவும், டிரினிட்டிக் கல்லூரியின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

புகழ் வளர்ந்த காலத்தில் உடல்நலம் குன்றியது. 1917 முதல் அவர் நோயால் வருந்தினார். அவர் தாயகம் திரும்ப இருந்தபோது, ஆண்டுக்கு 250 பவுன் வீதம் 5 ஆண்டுகட்கு உதவி அளிக்கச் சென்னைப் பல்கலைக் கழகம் முன்வந்தது. 1919 சனவரி 11 ஆம் நாள் நோயாளியாய் இருந்த நிலையில், அவர் பதிவாளர்க்கு மடல் எழுதினார். அத்தொகை தம் தேவைக்கு மிகுதியானது எனத் தெரிவித்தார். தம் செலவுக்கும் பெற்றோர்க்கும் வேண்டியது போக எஞ்சியதைக் கல்விப் பணிக்குப் பயன்படுத்துமாறு வேண்டினார். ஏழை மாணவர், பெற்றோரற்ற சிறுவர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைத்தற்கும், பள்ளிகட்கு நூல்கள் வாங்குதற்கும் அது பயன்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். கட்டணம் செலுத்த இயலாது கல்லூரியை விட்டு நீங்கிய பழைய துன்பத்தை அவர் உள்ளம் மறக்கவில்லை போலும்!

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் இந்தியா திரும்பிய இராமானுஜன், 1920 ஏப்பிரல் 26 ஆம் நாள் சென்னையில் தம் 32 ஆம் வயதில் இயற்கை எய்தினார். இறுதி நாட்களிலும் அவர் கை கணிதம் எழுதுதலை ஒழியவில்லை. அறிவுடையார் ஒருவர்க்குத் தக்க காலத்திற் செய்த உதவி எத்துணைப் பயன் விளைத்தது என்பதை அவர் வாழ்க்கை காட்டுகின்றது. தாம் பெற்ற உதவியைத் தமக்குப் பின் வருவார்க்கும் பங்கிட்டு அளிக்க விரும்பிய அவ்வுள்ளம், அவர் கண்ட கணித உண்மைகளைப் போலவே என்றும் அழியாப் பெருமை உடையது.