ஷேர்வுட் ஆண்டர்சன்

ஷேர்வுட் ஆண்டர்சன் (செப்டம்பர் 13, 1876 - மார்ச் 8, 1941) ஓர் அமெரிக்கப் புதின, சிறுகதை எழுத்தாளர் ஆவார். 1919 இல் வெளியான வைன்ஸ்பர்க், ஒகையோ என்னும் தொகுப்பினால் பெரிதும் அறியப்படுகிறார். தவறுதலாக விழுங்கப்பட்ட ஒரு பல் குத்தும் குச்சி குடலைச் சேதப்படுத்தியதால் இவர் இறந்தார்.

வாழ்க்கை

ஒகையோ மாநிலத்தின் கேம்டன் என்னும் ஊரில், ஏழு பிள்ளைகளுள் மூன்றாவதாகப் பிறந்தார். குதிரைச் சேணம் செய்யும் தொழிலில் இருந்த தந்தை நொடித்துப்போனதால் இளமையிலேயே பலவகைச் சிறு வேலைகளைச் செய்தார். இளமையின் பெரும்பகுதியைக் கழித்த கிளைடு என்னும் சிற்றூரே பின்னாளில் இவரது கதைகளுக்குக் களமாயிற்று. சிகாகோவில் விளம்பர எழுத்தாளராகப் பணியாற்றிய பின், எலிரியா நகரில் கூரைப் பூச்சு விற்கும் நிறுவனத்தை நடத்தினார். 1912 நவம்பரில் மனநெருக்கடியால் அலுவலகத்தை விட்டு வெளியேறியவர், நான்கு நாள்களுக்குப் பின் கிளீவ்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டார். அதன்பின் வணிகத்தைக் கைவிட்டு எழுத்தில் ஈடுபட்டார்.

எழுத்துப் பணி

சிற்றூர் மாந்தரின் தனிமையையும் வெளிப்படுத்த இயலாத ஏக்கங்களையும் எளிய நடையில் எழுதினார். எர்னெஸ்ட் ஹெமிங்வே, வில்லியம் பாக்னர் ஆகியோரின் தொடக்க கால எழுத்துக்கு ஊக்கமளித்தார். பாக்னரின் முதற் புதினம் 1926 இல் வெளிவர உதவினார். 1927 இல் வர்ஜீனியாவின் மேரியன் நகரில் இரு உள்ளூர்ச் செய்தித்தாள்களை விலைக்கு வாங்கி நடத்தினார்.

மறைவு

1941 இல் தம் மனைவி எலினோருடன் தென்னமெரிக்காவுக்குக் கப்பலில் புறப்பட்டார். வழியில் கடும் வயிற்றுவலி ஏற்பட்டது. பனாமாவின் கொலோன் நகரில் கரையிறக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டும் பயனின்றி, மார்ச் 8 அன்று தம் 64 ஆவது வயதில் காலமானார். விழுங்கப்பட்ட குச்சியால் வயிற்று உள்ளுறை அழற்சி (பெரிட்டோனைட்டிஸ்) உண்டானது பிணக்கூறாய்வில் தெரியவந்தது. விருந்துச் சிற்றுண்டியுடனோ மதுபானத்திலிட்ட ஆலிவ் காயுடனோ அது உட்சென்றிருக்கலாம் எனக் கருதப்படுகிறது. மேரியன் நகரில் அடக்கம் செய்யப்பட்டார்.

மருத்துவ விளக்கம்

விழுங்கப்படும் பொருள்களில் பெரும்பாலானவை தாமாகவே மலத்துடன் வெளியேறிவிடும். ஆனால் பல் குத்தும் குச்சி, மீன்முள், ஊசி போன்ற கூரிய பொருள்கள் குடற்சுவரைத் துளைக்கக்கூடும். துளை வழியே குடலில் உள்ளவை வயிற்றறைக்குள் கசிந்தால் நோய்த்தொற்று பரவும். குச்சியை விழுங்கியதைப் பலர் உணர்வதில்லை. மரத்தாலான பொருள் சாதாரண எக்சு-கதிர்ப் படத்தில் பெரும்பாலும் தெரிவதுமில்லை. எனவே நோயைக் கண்டறிவது கடினமாகிறது. ஆண்டர்சன் இறந்த காலத்தில் பெனிசிலின் சோதனை நிலையிலேயே இருந்தது, சி.டி. ஊடுகதிர்ப் படக்கருவி 1970களில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று அக்கருவியும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் அறுவை மருத்துவமும் இத்தகைய நோயாளிகள் பலரைக் காக்கின்றன.

முக்கிய நூல்கள்

- விண்டி மெக்பெர்சன்ஸ் சன் (1916)
- வைன்ஸ்பர்க், ஒகையோ (1919)
- புவர் ஒயிட் (1920)
- டார்க் லாஃப்டர் (1925)