கிள்ளான் காய்ச்சலை விரட்டிய டாக்டர் மால்கம் வாட்சன்

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளின் பூட்டன்மார் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த காலத்தில், புலியைவிட, துரையின் பிரம்பைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதுதான் குளிர்காய்ச்சல். மலேரியா என்று இன்று பாடப்புத்தகத்தில் படிக்கிறீர்களே, அதேதான். 1911-ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு 60 பேருக்கு மேல் அந்த ஒரே வருஷத்தில் மாண்டார்கள். ஒரு லயத்தில் இருபது குடும்பம் என்றால், எத்தனை வீட்டில் விளக்கு அணைந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்தக் காய்ச்சலை நம் சிலாங்கூர் மண்ணில் எதிர்த்து நின்ற ஒருவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அவர் பெயர் மால்கம் வாட்சன். 1873-இல் பிறந்தவர். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துவிட்டு, அரசாங்க டாக்டராக 1901 தொடக்கத்தில் கிள்ளானுக்கு வந்தார்.

வந்த இடம் எப்படி இருந்தது தெரியுமா? ஊரைச் சுற்றிச் சேறும் சதுப்பும் காடும். ஆஸ்பத்திரியில் படுக்க இடமில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் புதுத் துறைமுகம் ஒன்றைத் திறந்தார்கள். அப்போது அதற்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். 1972-இல்தான் போர்ட் கிள்ளான் ஆயிற்று. திறந்த சில வாரங்களிலேயே கூலியாட்களும் குமாஸ்தாக்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். கப்பலில் வந்த சரக்கை இறக்க ஆளில்லை. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற அளவுக்குப் பேச்சு போயிற்று.

அதற்கு நாலு வருஷம் முன்புதான், 1897-இல், செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற டாக்டர் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்திருந்தார். அதைப் படித்தவர்கள் பலர். நம்பிக் காரியத்தில் இறங்கியவர்கள் சிலர். கெட்ட காற்றால்தான் காய்ச்சல் வருகிறது என்றே பெரிய பெரிய அதிகாரிகளும் எண்ணியிருந்த நேரம். வாட்சன் மருந்துப் பெட்டியை நம்பி மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. சதுப்பை வடியுங்கள், காட்டை வெட்டுங்கள், கடல் தண்ணீர் ஏறாமல் கரை கட்டுங்கள் என்று அரசாங்கத்தை விடாமல் நச்சரித்தார். வேலை நடந்தது.

பலன் என்ன? கிள்ளான் ஊரிலும் துறைமுகத்திலும் 1901-இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 1902-இல் 59. 1903-இல் 46. இது தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாதபடி ஒரு சாட்சியும் இருந்தது. கால்வாய் வெட்டாத சுற்றுப்புறக் கிராமங்களில் சாவு அப்படிக் குறையவே இல்லை. கணக்கு வகுப்பில் தூங்கும் தம்பிமார்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் எண்ணி வைத்திருந்ததால்தான் அந்த டாக்டர் வாயடைக்க முடிந்தது.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. உண்மையான சோதனை இனிமேல்தான் வந்தது.

ரப்பர் விலை ஏறியது. கடலோரத் தட்டை நிலம் போதாமல் மேட்டு நிலங்களிலும் காடழித்துத் தோட்டம் போட்டார்கள். நம் பத்துமலையிலிருந்து கோம்பாக் பக்கம் போனால் மேடும் பள்ளமும் தொடங்குகிறதல்லவா, அந்த மாதிரி நிலம். கிள்ளானில் செய்தது போலவே காட்டை வெட்டி ஓடைகளைச் சுத்தமாக்கினார்கள். காய்ச்சல் போகவில்லை, கூடியது! வருஷக்கணக்கில் ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். வாட்சன் அரசாங்க வேலையை விட்டுத் தோட்டங்களுக்கு டாக்டராகப் போயிருந்த காலம் அது. தினசரி பெரட்டில் கொயினா கொடுத்துப் பார்த்தார். காய்ச்சல் தணிந்தது, ஒழியவில்லை.

காரணம் கொசுவிலேயே இருந்தது. கடலோரக் காட்டுக்கொசு நிழலில் தேங்கிய தண்ணீரில் முட்டையிடும். காட்டை வெட்டி வடித்தால் அது அழியும். மேட்டுக்கொசுவோ நேர்மாறு. வெயில் படும் தெளிந்த ஓடைதான் அதற்குத் தொட்டில். மரத்தை வெட்டி வெயிலை விட்டவர்கள் அந்தக் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஓரிடத்தில் உயிர் காத்த வைத்தியம் இன்னோரிடத்தில் உயிர் குடித்தது. வாட்சன் இதை மூடி மறைக்காமல் 1911-இல் வெளியிட்ட தம் புத்தகத்தில் எழுதி வைத்தார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அதனால்தான்.

பிறகு ஓடைத் தண்ணீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓடவிட்டார்கள். அதற்குச் செலவு அதிகம். 1914 முதல் எண்ணெய் தெளிக்கும் முறையைப் பரப்பினார். தண்ணீர்மேல் எண்ணெய் படர்ந்தால் கொசுப்புழு மூச்சுவிட முடியாமல் சாகும். முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு வாய்க்கால் வாய்க்காலாக எண்ணெய் அடித்துப் போனவர்களை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். இந்தச் சோதனைகள் நடந்த இடங்களில் ஒன்று சீபீல்டு தோட்டம். இன்று அங்கே சுபாங் ஜெயா வீடுகள் நிற்கின்றன.

எல்லாக் கொசுவையும் ஒழிக்க வேண்டாம், அந்தந்த இடத்தில் நோய் பரப்பும் கொசுவை மட்டும் கண்டுபிடித்து ஒழித்தால் போதும் என்ற அவருடைய வழியை டச்சுக்காரரான சுவெலன்கிரெபல் என்ற விஞ்ஞானி இங்கே வந்து பார்த்து, இந்தோனேசியாவுக்குக் கொண்டுபோனார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். துரைமார்கள் இதற்குப் பணம் கொடுத்தது இரக்கத்தால் மட்டும் அல்ல. படுத்த ஆள் பால் வெட்டமாட்டான். சாகும் ஆளுக்குப் பதில் இன்னோர் ஆளைக் கப்பலில் கொண்டுவரச் செலவாகும். வாட்சனும் இலாபக் கணக்குக் காட்டித்தான் அவர்களை இணங்க வைத்தார். இன்னொன்று, அந்தக் கால்வாய்களை இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டியவர்கள் கூலியாட்கள். நம்மவர்களும் சீனரும் சாவகரும். வாட்சனுக்கு 1924-இல் சர் பட்டம் கிடைத்தது. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

1928-இல் அவர் தாய்நாடு திரும்பினார். இலண்டனில் ராஸ் பெயரால் அமைந்த நிலையத்தில் சேர்ந்து, 1932-இல் ராஸ் மறைந்தபின் அதன் தலைவரானார். ஆப்பிரிக்கச் செம்புச் சுரங்கங்களிலும் கிள்ளான் பாடத்தையே செய்து காட்டினார். 1955 டிசம்பரில் காலமானார்.

மலேசியாவில் 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்கு உள்நாட்டில் பரவிய மலேரியா ஒன்றுகூடப் பதிவாகவில்லை. குரங்கிடமிருந்து காட்டுக்கொசு வழியாக வரும் மலேரியா மட்டும் இன்னும் இருக்கிறது. பத்துமலைப் படியில் தேங்காய் பிடுங்கும் குரங்கைப் பார்த்து அலற வேண்டாம். அது கடித்து மலேரியா வருவதில்லை. காட்டோரம் வேலைக்குப் போய்வந்து விட்டுவிட்டுக் காய்ச்சல் அடித்தால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கிடக்காமல், அன்றைக்கே கிளினிக்குக்குப் போய் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். காட்டுப் பக்கம் போனதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.