கொலராவின் நஞ்சைக் கண்ட நோயியலாளர் சம்புநாத் டே

வீட்டில் ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் உம்மாமார் கொதித்தாறிய தண்ணீரில் ஜீவனியைக் கரைத்து வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். உப்பும் குளுக்கோசும் கலந்த அந்த நீர் குடலில் போய் ஏன் வேலை செய்கிறது என்று தேடிப் போனால் பல பெயர்கள் வரும். அவற்றுள் ஒன்று, கல்கத்தாவில் வாழ்ந்த நோயியலாளர் சம்புநாத் டே.

நோயியலாளர் என்பவர் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுக்கும் மாணவிகள்கூட வைத்தியர் என்றதும் கழுத்தில் இதயத்துடிப்புமானி மாட்டியவரையே நினைக்கிறார்கள். நோயியலாளரை நோயாளி பெரும்பாலும் காண்பதே இல்லை. நோயாளியின் உடலிலிருந்து எடுத்த ஒரு சிறு துண்டு இழையம்தான் அவரிடம் வந்து சேர்கிறது. அதைப் பொர்மலினில் ஊறவைத்து, அற்ககோலால் அதன் நீரை அகற்றி, பரபின் மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீற்றரை முந்நூறாகப் பிரித்தால் வரும் அளவு மெல்லியதாகச் சீவுவார்கள். சீவியதற்கு நிறம் ஊட்டினால் கலங்களின் கரு ஊதாவாகவும் மற்றப் பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும். பிறகு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, இது என்ன நோய் என்று அவர் எழுதிக் கையொப்பமிடுகிறார். வாட்டில் நிற்கும் வைத்தியர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் மருந்தைத் தீர்மானிக்கிறார்.

சம்புநாத் டே 1915 பெப்ரவரி 1ஆம் திகதி, வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் சிறு வியாபாரி. வசதியான குடும்பம் அல்ல. கிராமத்துப் பாடசாலையில் நன்றாகச் சித்தியடைந்ததால் கிடைத்த புலமைப்பரிசில்தான் அவரை ஹூக்ளி முஹ்சின் கல்லூரிக்குக் கொண்டுபோனது. அந்தக் கல்லூரியின் வரலாறு நமக்கும் பெருமை தருவது. ஹாஜி முஹம்மது முஹ்சின் என்ற கொடையாளர் 1806இல் தம் சொத்துக்களை வக்பு செய்தார். அவர் 1812இல் மறைந்த பின்னர், அந்த வக்பின் வருமானத்திலிருந்து 1836இல் கல்லூரி எழுந்தது. முஸ்லிம் பிள்ளைகளோடு இந்துப் பிள்ளைகளும் அங்கு படித்தார்கள். நூறு வருடம் கழித்து ஓர் ஏழை வியாபாரியின் மகன் விஞ்ஞானம் படித்ததும் அதன் நிழலில்தான்.

அங்கிருந்து மறுபடியும் புலமைப்பரிசிலோடு கல்கத்தா மருத்துவக் கல்லூரி. விடுதிச் செலவுக்குப் பணம் போதவில்லை. உதவும் உள்ளம் கொண்ட ஒருவர் தம் வீட்டில் தங்க இடமும் உணவும் கொடுத்தார். 1939இல் பட்டம், 1942இல் வெப்பவலய மருத்துவத்தில் டிப்ளோமா, அதே கல்லூரியின் நோயியல் பிரிவில் செய்முறை போதிக்கும் வேலை என்று படிப்படியாக வந்தார். ஆராய்ச்சியில் அவருக்கு இருந்த ஆசையைக் கண்ட மாமனார், தாமும் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர், 1947இல் அவரை லண்டனுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். யூனிவர்சிற்றி கொலிஜ் ஆஸ்பத்திரியின் மருத்துவக் கல்லூரியில் சேர் ரோய் கமரன் என்ற பெயர்பெற்ற நோயியலாளரின் கீழ் இரண்டு வருடம். நுரையீரலில் நீர் கோப்பது, மூளையில் நீர் தேங்குவது ஆகியவை பற்றி விலங்குகளில் ஆராய்ந்து 1949இல் கலாநிதிப் பட்டத்தோடு ஊர் திரும்பினார்.

நோயியலாளர்கள் பலருக்கும் இறந்த இழையத்தைப் பார்த்து நோய்க்குப் பெயரிடுவதே வேலை. டே லண்டனில் பழகிக்கொண்டது வேறு: உயிருள்ள உறுப்பில் நோயை உண்டாக்கி, அது எப்படி நடக்கிறது என்று படிப்படியாகப் பார்ப்பது.

திரும்பி வந்த கல்கத்தாவில் கொலரா ஆண்டுக்கு ஆண்டு வந்துபோய்க்கொண்டிருந்தது. காலையில் சுகமாக இருந்தவர் மாலைக்குள் கஞ்சித் தண்ணீர் போலக் கழிந்து, கண் குழிவிழுந்து, உடல் வற்றிப் போய்விடுவார். நீல்ரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் வேலையை ஏற்ற டே, முதலில் பார்த்த உறுப்புகளில் ஒன்று சிறுநீரகம். கொலராவில் கழிச்சல் நின்ற பின்னும் சிறுநீர் போகாமல் இறந்தவர்கள் இருந்தார்கள். அவர்களது சிறுநீரகத் துண்டுகளை ஆராய்ந்து, 1954இல் இரு சகாக்களோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். உடலில் நீர் வற்றிக் குருதியமுக்கம் விழும்போது சிறுநீரகத்துக்குப் போதிய குருதி கிடைப்பதில்லை. சிறுகுழாய்களின் கலங்கள் அதனால் பாதிக்கப்படுகின்றன. மிக மோசமான நிலையில் சிறுநீரகத்தின் மேற்பட்டை முழுவதுமே இறந்துபோகிறது. கிருமி இருப்பது குடலில், ஆனால் ஆளைக் கொல்வதில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு என்பதை அந்தத் துண்டுகள் காட்டின.

அதே 1954ஆம் ஆண்டு டிசம்பரில்தான் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், ஒத்த இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்திய முதலாவது வெற்றிகரமான சத்திரசிகிச்சை நடந்தது. டேக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஆனால் டே கல்கத்தாவில் பார்த்த சிறுகுழாய்ச் சேதத்தை, மாற்றிப் பொருத்திய சிறுநீரகங்களில் இன்றைய நோயியலாளர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள் என்பதால் இங்கே சற்று நிற்கலாம்.

பொருத்திய சிறுநீரகம் நாலைந்து நாளில் சிறுநீர் பிரிப்பதைக் குறைத்துவிட்டது என்று வையுங்கள். காரணம் பலவாக இருக்கலாம். ஓர் உடலிலிருந்து எடுத்து மற்றதில் வைக்கும் இடைவேளையில் குருதி கிடைக்காமல் கலங்கள் அடிபட்டிருக்கலாம். அப்படியானால் பொறுத்திருந்தால் தேறிவிடும். வாங்கியவரின் நிர்ப்பீடனம் அந்நிய உறுப்பை நிராகரிக்கத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தை உடனே கூட்ட வேண்டும். அந்த மருந்தே அளவு மிஞ்சிச் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கலாம். அப்படியானால் குறைக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மருந்தோ ஒன்றுக்கொன்று நேர்மாறு. ஊசியால் எடுத்த நூல் அளவான இழையத்தில் நோயியலாளர் தேடுவது இதைத்தான்: சிறுகுழாய்களின் சுவருக்குள் வெண்குருதிக் கலங்கள் புகுந்திருக்கின்றனவா, நாடிகளின் உட்சுவர் வீங்கியிருக்கிறதா, அல்லது குழாய்க் கலங்கள் மட்டும் தட்டையாகிச் சோர்ந்திருக்கின்றனவா. எடுத்த துண்டில் குறைந்தது 10 கலன்கோளங்களும் 2 நாடிகளும் இருந்தால்தான் நம்பிச் சொல்லலாம் என்பது, கனடாவின் பான்வ் நகரில் 1991இல் கூடிய நிபுணர்கள் தொடக்கிவைத்த ஒழுங்குமுறையில் உள்ள விதி. ஒரு துண்டில் தெரியாத நோய் பக்கத்துத் துண்டில் இருக்கலாம் அல்லவா?

ஊசி போட்டு இழையம் எடுத்தால் நோய் உடலெங்கும் பரவிவிடும் என்று நம் பெரியவர்கள் சிலர் அஞ்சிச் சோதனையைத் தள்ளிப்போடுவதை அறிவோம். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை இந்தச் சோதனையில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது குருதிக் கசிவு. அதற்காகத்தான் முன்கூட்டியே குருதி உறைவதைச் சோதித்து, பிறகு பல மணிநேரம் படுக்கையில் வைத்திருக்கிறார்கள். பயம் இருந்தால் வைத்தியரிடம் கேட்டுத் தெளிவதே நல்லது. தாமதித்தால் ஒரு சிறுநீரகம் வீணாகலாம்.

டே திரும்பவும் குடலுக்கு வந்தார். கொலராக் கிருமியை ஜேர்மனியரான ரொபேட் கொக் 1884இல் இதே கல்கத்தாவில் உறுதிப்படுத்தியிருந்தார். அது ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்ற ஊகமும் அவருக்கு இருந்தது. பின்வந்தவர்கள் எழுபது வருடமாக அந்த நஞ்சைத் தேடியும் காணவில்லை. கிருமியை விலங்குகளின் நரம்பிலும் வயிற்றறையிலும் ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். விலங்கு செத்தது, ஆனால் கொலரா வரவில்லை. கொலரா குடலுக்குள் நடக்கும் நோய், ஆகவே தேட வேண்டிய இடம் குடலின் உட்பக்கம் என்று டே முடிவெடுத்தார். இன்று கேட்டால் இது பெரிய விடயமாகத் தோன்றாது. எழுபது வருடம் பெரிய ஆய்வுகூடங்கள் தவறவிட்டது இதைத்தான்.

அவர் செய்த பரிசோதனை ஒரு தையற்காரிக்கும் விளங்கும். முயலொன்றை மயக்கி, சிறுகுடலில் ஒரு பகுதியை இரு பக்கமும் பட்டுநூலால் கட்டி, அந்தக் கட்டுக்குள் கொலராக் கிருமி வளர்ந்த திரவத்தைச் செலுத்தினார். அருகில் இன்னொரு பகுதியைக் கட்டி அதற்குள் கிருமியில்லாத திரவத்தை விட்டார். வயிற்றைத் தைத்து ஒருநாள் கழித்துத் திறந்து பார்த்தால், கிருமி போன கட்டு கஞ்சித் தண்ணீரால் பலூன் போல வீங்கியிருந்தது. மற்றது சுருங்கியே கிடந்தது. ஒரு சகாவோடு இதை 1953இல் எழுதினார். டே பிறந்த 1915ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மொழியில் இதைப்போன்ற ஒரு முயற்சி பதிவாகி, பின் மறக்கப்பட்டுக் கிடந்தது என்பது ஒரு வேடிக்கை.

1955இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோயியல், பற்றீரியாவியல் துறையின் தலைவரானார். அடுத்த படி, கிருமியையே வடிகட்டி அகற்றிவிட்டு வெறும் திரவத்தைச் செலுத்துவது. கிருமி ஒன்றுகூட இல்லாத திரவத்துக்கும் குடல் அப்படியே வீங்கியது. நஞ்சு இருக்கிறது என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை. 1959இல் நேச்சர் சஞ்சிகையில் அது ஒரு சிறு கட்டுரையாக வந்தது. அதே ஆண்டு பம்பாயின் ஹவ்கின் நிறுவனத்தில் டத்தா என்பவரும் சகாக்களும் வேறு வழியில் இதே முடிவுக்கு வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

நஞ்சு குடலை என்ன செய்கிறது? கொலராவில் குடலின் உட்தோல் அழிந்து உரிந்துவிடுகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நோயியலாளர்கள் எழுதியிருந்தார்கள். பிரேதங்களின் குடலைப் பார்த்து எழுதியது அது. உயிர் போன உடனேயே உரியத் தொடங்கும் இழையம் குடலின் உட்தோல். அவர்கள் கண்டது மரணத்தின் பின் நடந்த சிதைவு. 1959இல் தாய்லாந்தில் கொலரா பரவியபோது அமெரிக்க வைத்தியர்கள் உயிரோடிருந்த நோயாளிகளின் குடலிலிருந்தே துண்டு எடுத்தார்கள். மெல்லிய குழாயில் கட்டிய ஒரு சிறு கப்சியூலை விழுங்கச் செய்து, அதற்குள் இருந்த கத்தியால் உட்தோலில் ஒரு துளியைக் கிள்ளி எடுக்கும் முறை அது. நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது உட்தோல் உரியாமல் முழுமையாக இருந்தது. நஞ்சு கலங்களைக் கொல்லவில்லை. உப்பையும் நீரையும் வெளியே கொட்டும்படி அவற்றைத் தூண்டிவிடுகிறது.

இந்த வேறுபாட்டில் உயிர்கள் தங்கியிருந்தன. உட்தோல் அழிந்துவிட்டது என்றால் வாயால் நீர் கொடுத்துப் பயனில்லை. முழுமையாக இருக்கிறது என்றால் உறிஞ்சும் ஆற்றலும் மிஞ்சியிருக்கும். குளுக்கோசோடு சேர்ந்தால் உப்பு குடலுக்குள் எளிதாக உறிஞ்சப்படும், உப்பின் பின்னால் நீரும் போகும் என்பது வேறு ஆய்வாளர்களின் கண்டுபிடிப்பு. 1968இல் டாக்காவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1971 போரில் கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லை தாண்டிய அகதிகள் பொங்கான் முகாமில் கொலராவில் மடிந்தபோது, நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோனது. வைத்தியர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோசையும் பொட்டலம் கட்டி, உறவினர் கையிலேயே கொடுத்துப் பருக்கச் சொன்னார். 3,700 பேரளவில் சிகிச்சை பெற்ற அங்கே நூற்றுக்கு முப்பதாக இருந்த மரணம் நாலுக்கும் கீழே இறங்கியது. 1990 ஒக்டோபரில் உடுத்த உடையோடு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, தில்லையடியின் கிடுகுக் கொட்டில்களில் வாழ்க்கையைத் தொடங்கிய நம் பெற்றோருக்கு, ஒரு முகாமில் சுத்தமான தண்ணீர் என்றால் என்ன, வயிற்றோட்டம் என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

டேயின் கதைக்கு வருவோம். நஞ்சைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க அவரும் முயன்றார். அதற்கு வேண்டிய கருவிகள் அவர் கல்லூரியில் இல்லை. அறுபதுகளில் கொலரா ஆராய்ச்சியிலிருந்து மெல்ல ஒதுங்கினார். 1969இல் அமெரிக்காவில் அது பிரித்தெடுக்கப்பட்டது. முயலின் குடலைக் கட்டிப் பார்க்கும் முறை மட்டும் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் பரவியது. குழந்தைகளின் வயிற்றோட்டத்துக்குக் காரணமான வேறு பற்றீரியாக்களையும் அதே முறையால் 1956இலேயே டே சோதித்திருந்தார்.

சொந்த நாட்டில் அவருக்குக் கிடைத்த மரியாதை மிகச் சொற்பம். இந்திய விஞ்ஞானக் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராகத் தெரிவு செய்யவில்லை. அவர் ஓர் அமைதியான ஆசிரியர், தம்மை முன்னிறுத்தத் தெரியாதவர் என்று காரணம் சொல்கிறார்கள். அது கழகங்களுக்கு நல்ல சாட்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. வெளியில் நிலைமை வேறு. நோபல் பரிசு பெற்ற ஜோசுவா லெடர்பேர்க் இவரது பெயரை நோபல் பரிசுக்கு முன்மொழிந்தார். பரிசு கிடைக்கவில்லை. 1973இல் ஓய்வு பெற்று ஐந்து வருடம் கழித்து, கொலரா பற்றி 1978இல் நடந்த நோபல் கருத்தரங்குக்கு ஸ்டொக்ஹோமிலிருந்து அழைப்பு வந்தபோது, கல்கத்தாவிலேயே பலர் அவர் யார் என்று விசாரிக்க வேண்டியிருந்திருக்கும்.

1985 ஏப்ரல் 15ஆம் திகதி, எழுபது வயதில் சம்புநாத் டே காலமானார். ஐந்து வருடம் கழித்து, 1990இல், இந்தியாவின் கரன்ட் சயன்ஸ் சஞ்சிகை அவருக்கென்று ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. லெடர்பேர்க் அதில் எழுதியிருந்தார்.