குமார கம்பணரின் தமிழகப் பணி: காவியமும் கல்வெட்டும்

முன்னுரை

விசயநகர ஆட்சி தமிழகத்தில் கால்கொண்ட வரலாற்றில், அரியணை ஏறாத இளவரசர் ஒருவரே முதலிடம் பெறுகிறார். முதலாம் புக்கரின் மகனான குமார கம்பணரே அவர். தமிழ்க் கல்வெட்டுகள் அவரைக் கம்பண உடையார் எனக் குறிக்கின்றன. அவருடைய தேவியருள் ஒருவரான கங்காதேவி வடமொழியில் இயற்றிய மதுரா விசயம் அவரைப் போர்வீரராகவே காட்டுகிறது. கல்வெட்டுகள் காட்டும் கம்பணரோ வென்ற நிலத்தில் ஒழுங்கை ஏற்படுத்தியவர். இவ்விருவகைச் சான்றுகளையும் ஒப்புநோக்கி அவரது வாழ்வை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முள்வாயிலும் தொண்டை மண்டலமும்

1340களின் தொடக்கத்தில் போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் மதுரை சுல்தானின் படையால் வீழ்ந்தான். அதன்பின் காவிரிக்குத் தெற்கே மதுரை சுல்தானியத்தை எதிர்த்து நிற்கத்தக்க பெருவேந்தர் எவரும் இல்லை. வடக்கே தொண்டை மண்டலம் படைவீட்டுச் சம்புவராயர்களின் ஆட்சியில் இருந்தது. இந்நிலையில், தமிழக எல்லையை ஒட்டிய முள்வாயிலைத் (முளபாகல்) தலைமையிடமாகக் கொண்டு, தந்தையின் சார்பில் மகாமண்டலேசுவரராகக் கம்பணர் ஆட்சி செய்தார்.

மதுரையை நோக்கிச் செல்லும் படைக்குத் தொண்டை மண்டலத்தைக் கடந்தே வழி. முதுகுப்புறத்தில் பகைவரை விட்டுவிட்டுத் தெற்கே செல்ல இயலாது. ஆகவே 1360ஐ ஒட்டிய ஆண்டுகளில் கம்பணர் முதலில் சம்புவராயரை எதிர்கொண்டார். பாலாற்றங்கரை விரிஞ்சிபுரத்தில் படை தங்கியதையும், இராசகம்பீர மலைக்கோட்டை முற்றுகையிடப்பட்டதையும் காவியம் விவரிக்கிறது. தனிப்போரில் சம்புவராயர் கம்பணரின் வாளுக்கு இரையானதாகவும் கூறுகிறது.

கம்பணரின் படைத்தலைவருள் ஒருவரான சாளுவ மங்கு பெற்ற விருது இதற்கு வேறொரு முடிவைச் சுட்டுகிறது. அவ்விருது அவரைச் சம்புவராயரை மீண்டும் நிலைநிறுத்தியவர் எனப் போற்றுகிறது. வீழ்ந்தவரும் நிலைநிறுத்தப்பட்டவரும் ஒருவரே எனின் இரு செய்திகளும் முரண்படும். வீழ்ந்தவரின் வழித்தோன்றலுக்கு ஆட்சி அளிக்கப்பட்டது எனக் கொள்ளின் பொருந்தும். எவ்வாறாயினும், வென்ற குடியை வேரறுக்காமல் அடங்கிய அரசாக வைத்துக்கொள்ளும் கொள்கை இங்குப் புலனாகிறது. படைவலிமையால் பெற்ற வெற்றியை அரசியல் உடன்பாட்டால் நிலைக்கச் செய்த முறை இது. காவியம் இதற்கு இடமளிக்கவில்லை. வீரனின் வாளுக்கு முன் பகைவன் வீழ்வதே காவிய மரபிற்கு உகந்தது.

மதுரைப் படையெடுப்பு

மதுரைப் போரிலும் இதே வேறுபாடு காணப்படுகிறது. சுல்தானைக் கம்பணர் நேருக்கு நேர் நின்று கொன்றதாக மதுரா விசயம் பாடுகிறது. ஆனால் மதுரை சுல்தான் சிக்கந்தர் ஷாவின் நாணயங்கள் ஹிஜ்ரி 779 (கி.பி. 1377–78) வரை கிடைக்கின்றன. கம்பணர் இறந்தது 1374இல். எனவே சுல்தானியம் ஒரே போரில் முற்றிலும் அழிந்தது எனக் கூற இயலாது. அதன் வலிமை முறிந்து, பரப்புச் சுருங்கிச் சில ஆண்டுகள் நீடித்தது எனக் கொள்வதே நாணயச் சான்றுக்கு இயைபுடையது.

வெற்றிக்குப் பிந்தைய ஏற்பாடுகள்

கம்பணரின் ஆட்சிப்பணிக்குச் சிறந்த சான்று காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் உள்ளது. இராசசிம்மவர்மேச்சுரம் எனப்பட்ட அக்கோயில் குலோத்துங்க சோழன் காலத்தில் அடைக்கப்பட்டு, அதன் நிலங்கள் விற்கப்பட்டிருந்தன. 1364இல் (சகம் 1286) கம்பணரின் அதிகாரியான கோப்பணங்கள் கோயிலைத் திறந்து, நிலங்களை மீட்டளிக்க ஆணையிட்டார். இங்குச் சீர்செய்யப்பட்டது சுல்தானியப் படையெடுப்பால் நேர்ந்த இழப்பு அன்று; சோழர் காலத்திலேயே நிகழ்ந்த ஒன்று. கம்பணரின் கோயிற்பணி முழுவதையும் படையெடுப்பின் எதிர்வினையாக மட்டும் விளக்குவது பொருந்தாது என்பதற்கு இக்கல்வெட்டே போதும். நிலவுரிமை வழக்கைத் தீர்த்துவைக்கும் அதிகாரம் தமக்குண்டு எனப் புதிய ஆட்சியாளர் நிறுவிய செயலாகவும் இது அமைகிறது.

திருவரங்கத்திலிருந்து அகற்றப்பட்டுத் திருப்பதியில் இருந்த அரங்கநாதர் திருமேனி, 1371இல் (சகம் 1293) செஞ்சியிலிருந்த கோபணாரியரால் மீண்டும் எழுந்தருளச் செய்யப்பட்டது. தெற்கே திருக்கோளக்குடிக் கல்வெட்டு, கம்பணர் வந்து நாட்டில் ஒழுங்கை நிலைநிறுத்தி, கோயில் வழிபாடு தடையின்றி நடைபெற நாயக்கன்மாரை அமர்த்தியதைக் கூறுகிறது. இளவரசர் ஒவ்வோர் ஊரிலும் தாமே இருந்து ஆளவில்லை. தம் பெயரால் செயற்படும் அதிகாரிகளை அமர்த்தினார். அவருக்குப் பின்னும் ஆட்சி குலையாமைக்கு இதுவே காரணமாகலாம்.

முடிவுரை

1374இல் தந்தைக்கு முன்னரே கம்பணர் மறைந்தார். 1377இல் புக்கருக்குப் பின் அரியணை இரண்டாம் அரிகரரைச் சேர்ந்தது. சாளுவ மங்குவின் வழிவந்த நரசிம்மர் 15ஆம் நூற்றாண்டில் விசயநகர அரியணையையே கைப்பற்றினார். படைத்தலைவரின் மரபு எய்திய அரசுரிமையை இளவரசர் எய்தவில்லை.

ஆயினும் தமிழகத்தில் அவர் இட்ட அடித்தளம் நிலைத்தது. அதன்மீதே 16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கராட்சி எழுந்தது. திண்டுக்கல் வட்டாரத்தின் ஆயக்குடி, விருப்பாட்சி முதலிய பாளையங்கள் அவ்வாட்சியமைப்பின் கீழ் வளர்ந்தவை. கம்பணர் அமர்த்திய நாயக்கன்மாரையும் பிற்காலப் பாளையக்காரரையும் ஒன்றெனக் கருதுதல் பிழை. எனினும் பேரரசரின் சார்பில் நாயக்கர் வட்டாரத்தை ஆளும் நடைமுறை தென்பாண்டி நாட்டில் வேரூன்றிய காலம் கம்பணருடையதே. மதுரா விசயத்தை மட்டும் சான்றாகக் கொள்ளின் இவ்வாட்சிப்பணி மறைந்துபோகும். காஞ்சி, திருவரங்கம், திருக்கோளக்குடிக் கல்வெட்டுகளை அதனோடு இணைத்துக் கற்கும்போதே கம்பணரின் வாழ்வு முழுமை பெறுகிறது.