ஜி. டி. நாயுடு

கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 - சனவரி 4, 1974) தமிழ்நாட்டைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும் தொழிலதிபரும் ஆவார். இவர் ஜி. டி. நாயுடு என்று பரவலாக அறியப்படுகிறார். பொறியியல் பட்டம் பெறாத இவர், இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்தே தொழில்நுட்பம் கற்றார்.

இளமை

நாயுடு கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் இவருக்கு நாட்டம் இருக்கவில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்த இவர், உணவு விடுதியில் பணியாற்றிப் பணம் சேர்த்து அதனை வாங்கினார். அவ்வண்டியை முழுவதும் பிரித்து மீண்டும் பூட்டியதன் மூலம் அதன் இயக்கத்தை அறிந்து, பின்னர் இயந்திரம் பழுதுபார்ப்பவரானார். 1920 இல் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். இத்தொழில் யு.எம்.எஸ் நிறுவனமாக வளர்ந்தது.

மின்கருவிகள்

1937 இல் பீளமேட்டில் இருந்த இவரது நேஷனல் எலக்ட்ரிக் வொர்க்ஸ் தொழிற்சாலையில், பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டாரைக் கொண்ட சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி ஆகியவையும் இவருடைய ஆக்கங்களாகும்.

மின்கலத்தில் ஓடும் சிறு மோட்டார்களில் மின்னோட்டம் பொதுவாகப் பிரஷ், திசைமாற்றி ஆகியவற்றின் வழியாகச் சுழலும் கம்பிச்சுருளை அடைகிறது. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் மிக்சி, தூசி உறிஞ்சி ஆகியவற்றின் மோட்டார்களிலும் பெரும்பாலும் இதே அமைப்பு உண்டு. இப்பாதையில் கம்பி அறுந்தாலோ பிரஷ் தேய்ந்து தொடர்பு விட்டாலோ மோட்டார் நின்றுவிடும். எனவே மின்இணைப்பைத் துண்டித்த பின், மின்செருகியில் இருந்து பிரஷ் வரை ஒவ்வோர் இணைப்பாகச் சோதித்தே பழுதைக் கண்டறிகின்றனர். ஓர் இயந்திரத்தை உறுப்பு உறுப்பாக அறிந்துகொள்ளும் நாயுடுவின் முறையும் இதுவே.

கல்விப் பணி

1945 இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரி தொடங்க நாயுடு நன்கொடை அளித்து, அதன் முதல் முதல்வராகவும் பொறுப்பேற்றார். நான்கு ஆண்டுப் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குகிறது என்றும், இரண்டு ஆண்டுகளே போதும் என்றும் கருதினார். ஆங்கிலேய அரசு இதனை ஏற்காததால் பதவி விலகினார். அக்கல்லூரி பின்னர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி எனப் பெயர் பெற்றது.

பிற்காலம்

1952 இல் 2,000 ரூபாய் விலையில் இருவர் அமரும் மகிழுந்தை உருவாக்கினார். அரசின் உரிமம் கிடைக்காததால் அதன் உற்பத்தி கைவிடப்பட்டது. 1974 இல் நாயுடு மறைந்தார். இவருடைய கண்டுபிடிப்புகள் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உள்ள அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன.