வயல் டு பல்கலைக்கழக வேந்தர்: யார் இந்த டொமாஸ் ரிவேரா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு 1979-ல் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் என மொத்தம் 9 வளாகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேந்தர். நம்மூரில் வேந்தர் என்றால் ஆளுநர் ஞாபகம்தான் வரும். அங்கே கதையே வேற. நம் துணைவேந்தர் மாதிரி, சேர்க்கை முதல் சம்பளம் வரை எல்லாம் அவர் தலையில்தான் விடியும்.

அந்த ஆண்டு ரிவர்சைடு வளாகத்துக்கு வேந்தராக வந்த டொமாஸ் ரிவேராவுக்கு வயது 43. மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல் முறை. அதைவிடப் பெரிய விஷயம், இருபது வயதைத் தொடும் வரை அவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்.

டெக்சாஸ் மாநிலத்தின் கிரிஸ்டல் சிட்டியில் 1935 டிசம்பர் 22-ல் பிறந்தார் ரிவேரா. பசலைக்கீரை விளைச்சலுக்குப் பேர்போன ஊர். கீரை தின்று பலசாலியாகும் கார்ட்டூன் ஹீரோ பாப்பாய்க்கு 1937-லேயே சிலை வைத்த ஊர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஆனால், அந்த வயல்களில் குனிந்து நிமிர்ந்தவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள்.

அவருடைய பெற்றோரும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள்தான். வசந்த காலம் வந்தால் மூட்டை முடிச்சோடு வடக்கே கிளம்பிவிடுவார்கள். அயோவா, மினசோட்டா, மிச்சிகன் என எந்த மாநிலத்தில் அறுவடையோ அங்கே குடும்பமே வேலை செய்யும். ஊர் திரும்ப இலையுதிர் காலம் ஆகிவிடும். அதனால் பள்ளி ஆண்டின் தொடக்கமும் போச்சு, முடிவும் போச்சு. நடுவில் கிடைத்த மாதங்களை வைத்தே படித்து, 1954-ல் பள்ளிப் படிப்பை முடித்தார். கல்லூரியில் சேர்ந்த பிறகும் வயல் வேலை உடனே விடவில்லை.

1958-ல் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கினார். டெக்சாஸ் பள்ளிகளில் ஆங்கிலமும் ஸ்பானிஷும் சொல்லிக் கொடுத்தார். ஆசிரியராகவே காலத்தை ஓட்டியிருக்கலாம். கல்யாணம் ஆகி, குழந்தைகளும் பிறந்த பிறகு மறுபடி மாணவராகி, 1969-ல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்தார்.

நாடே பேசிய ஒரு நாவல்

இதற்கு நடுவே அவர் எழுதிக்கொண்டும் இருந்தார். வயல் கூலிக் குடும்பங்களின் வாழ்க்கையை ஸ்பானிஷில் எழுதிய நாவலுக்கு, கிண்டோ சோல் பதிப்பகம் 1970-ல் நடத்திய முதல் போட்டியிலேயே பரிசு. அடுத்த ஆண்டு புத்தகமாக வந்தது. 'பூமி அவனை விழுங்கவில்லை' என்று தலைப்புக்குப் பொருள் சொல்லலாம்.

கதையின் நாயகச் சிறுவனுக்குப் பெயரே கிடையாது. அப்பாவும் தம்பியும் வெயிலில் சுருண்டு விழுவதைப் பார்த்து, ஆத்திரத்தில் கடவுளைச் சபித்துவிடுகிறான். அப்படிச் சபித்தால் பூமி பிளந்து விழுங்கிவிடும் என்று கேட்டு வளர்ந்த பையன். ஆனால், காலடியில் தரை அசையவே இல்லை. இன்னொரு கதையில், தாகம் தாங்காமல் தண்ணீர் குடிக்கப் போன சிறுவன் முதலாளியின் துப்பாக்கிக்குப் பலியாகிறான். மெக்சிகோ-அமெரிக்க இலக்கியம் என்ற பேச்சை எடுத்தாலே இந்தச் சின்னப் புத்தகம் முன்னால் வந்து நிற்கும்.

அடுத்தடுத்து எழுதிக் குவித்திருக்க வேண்டியவர்தானே? அங்கேதான் பாதை திரும்பியது. 1971-ல் சான் அன்டோனியோவில் பேராசிரியர். பிறகு இணை டீன், 1976-ல் துணைத் தலைவர், 1978-ல் எல் பாசோவில் அதைவிடப் பெரிய நிர்வாகப் பொறுப்பு, மறு ஆண்டே ரிவர்சைடு. பதவி ஏற ஏற எழுதும் நேரம் கரைந்தது. இரண்டாவது நாவல் கடைசி வரை முடியவில்லை. இலக்கியத்துக்கு அது நஷ்டம்தான். ஆனால், வயல் கூலி வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்தக் கல்லூரிக் கதவு திறக்கும் என்று முடிவெடுக்கும் மேசையில் அவர்கள் வீட்டு ஆள் யாருமே இல்லாத காலம் அது. அங்கே போய் உட்கார்ந்ததை வெறும் பதவி ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது.

உட்கார்ந்த நாற்காலியும் சொகுசானதல்ல. 1978-ல் சொத்து வரிக்குக் கடிவாளம் போட்டு கலிஃபோர்னியா வாக்காளர்கள் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மாநிலத்தின் பணப்பை சுருங்கியது. ரிவர்சைடோ சின்ன வளாகம், போதிய மாணவர்களும் இல்லை. பட்ஜெட்டோடு மல்லுக்கட்டியே நாட்கள் ஓடின.

1984 மே 16. பதவியில் இருக்கும்போதே மாரடைப்பு வந்து இறந்துபோனார். வயது 48.

மறு ஆண்டு, ரிவர்சைடு வளாகத்தின் நூலகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவருடைய கதைகள் 1989-ல் தொகுப்பாக வெளிவந்தன. 1994-ல் நாவல் சினிமாவானது. அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதிகளும் கடிதங்களும் இப்போது அந்த ரிவர்சைடு நூலகத்தில்தான் இருக்கின்றன.