ஃபிரெடி மெர்குரி: ஒரு குரல், இரண்டு கட்சி



எம்.எஸ்.வி.யா, இளையராஜாவா, ரஹ்மானா என்ற வாதம் நம் வளாகத்தில் எத்தனை வீடுகளில் நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். இந்த இதழில் நாம் பார்க்கப் போகிறவர் இன்னும் வினோதமான ஒரு வாதத்துக்குக் காரணமானவர். ஒரே குழுவின் பாட்டுகளைக் கேட்டுவிட்டு, பழையதுதான் இசை என்று ஒரு கட்சியும் பிந்தையதுதான் இசை என்று மறு கட்சியும் 40 ஆண்டுகளுக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. குழுவின் பெயர் குயின். பாடியவர் ஃபிரெடி மெர்குரி. அவர் நம் நாட்டுப் பள்ளியில் படித்தவர் என்று சொன்னால் உங்களில் பலர் வியப்படைவீர்கள்.

பாஞ்ச்கனி விடுதி

அவருடைய இயற்பெயர் ஃபாரூக் பல்சாரா. 1946 செப்டம்பர் 5 அன்று ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் குஜராத். புல்சார் என்று அப்போது அழைக்கப்பட்ட வல்சாடு ஊர்தான் அவர்களுக்குக் குடும்பப் பெயரைத் தந்தது. அப்பாவுக்கு பிரிட்டிஷ் அரசாங்கத்தில் காசாளர் வேலை.

எட்டு வயதில் பிள்ளையைக் கப்பலேற்றி பம்பாய்க்கு அனுப்பினார்கள். மகாராஷ்டிர மலையூரான பாஞ்ச்கனியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி விடுதியில் சேர்த்தார்கள். பிள்ளையை ஏற்காட்டிலோ ஊட்டியிலோ விடுதியில் விட்டுவிட்டு வந்த பெற்றோர் நம்மிடையே இருக்கிறீர்கள். கடலுக்கு அப்பால் விட்டால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாயில் பின்பக்கம் நான்கு பற்கள் கூடுதலாக முளைத்ததால் முன்பற்கள் துருத்திக்கொண்டிருந்தன. சக மாணவர்கள் கேலி செய்தார்கள். பிற்காலத்தில் கையில் பணம் வந்தபோதும் அவர் பற்களைச் சரிசெய்துகொள்ளவில்லை. குரல் மாறிவிடுமோ என்ற பயம்தான் காரணம்.

ஃபிரெடி என்ற பெயர் அந்தப் பள்ளியில் ஒட்டிக்கொண்டது. பியானோவும் அங்கேதான் கைக்குப் பழகியது. 12 வயதில் நண்பர்களோடு ஹெக்டிக்ஸ் என்ற குழுவைத் தொடங்கிப் பள்ளி விழாக்களில் வாசித்தார். அந்தக் குழுவில் முன்னால் நின்று பாடியவர் வேறொரு மாணவர். ஃபிரெடி பியானோவின் முன்தான் உட்கார்ந்திருந்தார்.

1964-இல் சான்சிபாரில் புரட்சி வெடித்தது. குடும்பம் இருந்ததை விட்டுவிட்டு லண்டன் அருகே ஃபெல்தமில் குடியேறியது. ஃபிரெடி ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை படித்தார். பிறகு கென்சிங்டன் சந்தையில் பழைய துணிகளை விற்றார்.

நால்வரும் பாட்டு எழுதிய குழு

1970-இல் கிதார் கலைஞர் பிரையன் மே, டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர் இருவரோடும் ஃபிரெடி சேர்ந்தார். குயின் என்ற பெயரை வைத்தவரும், குழுவின் சின்னத்தை வரைந்தவரும் அவரே. 1971-இல் பேஸ் கிதாருக்கு ஜான் டீக்கன் வந்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த நால்வருமே பாட்டு எழுதக்கூடியவர்கள். மைதானங்களில் இன்றும் கேட்கும் இரண்டு மிதி, ஒரு கைதட்டல் தாளத்தில் அமைந்த ‘வி வில் ராக் யூ’ பிரையன் மே எழுதியது. ‘ரேடியோ காகா’ டெய்லர் எழுதியது. ‘ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ’ டீக்கன் எழுதியது. நாலு பேர் சமைத்தால் ஒரே ருசி வராது. பின்னால் வந்த சண்டைக்கு விதை இதுதான்.

முதல் ஆல்பம் 1973-இல் வந்தது. நீண்ட பாட்டுகள், திடீர் திருப்பங்கள், அடுக்கடுக்கான குரல்கள். தொடக்க கால ஆல்பங்களின் உறையில், சிந்தசைஸர் பயன்படுத்தவில்லை என்று பெருமையாக அச்சடித்திருந்தார்கள். 1975-இல் ‘பொஹீமியன் ராப்சடி’ வந்தது. ஏறக்குறைய 6 நிமிடப் பாட்டு. மென்மையாகத் தொடங்கும், நடுவில் ஓபராவாக மாறும், பிறகு ராக் இசையாக வெடிக்கும். நடுப்பகுதிக்காக மூன்று பேர் தங்கள் குரல்களையே திரும்பத் திரும்பப் பதிவு செய்து பெரிய பாடகர் கூட்டம்போல ஒலிக்கச் செய்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடி தெருக்களில் நாம் தினமும் கேட்கும் ஓர் அரபுச் சொல்லும் அதில் வருகிறது. எதுவென்று நீங்களே கண்டுபிடியுங்கள். இத்தனை நீளமான பாட்டு வானொலியில் எடுபடாது என்று ரெக்கார்டு கம்பெனியில் சொன்னார்கள். அது பிரிட்டனில் 9 வாரம் முதலிடத்தில் இருந்தது.

கட்சி பிரிந்த கதை

1980-இல் ‘தி கேம்’ ஆல்பத்தில் சிந்தசைஸர் நுழைந்தது. அதிலிருந்த டீக்கனின் ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’ நடன அரங்குகளைக் கலக்கி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஃபிரெடி நீண்ட முடியை வெட்டி மீசை வைத்தார். தோல் ஜாக்கெட்டோடு மேடை ஏறினார். அந்தக் காலத்து வீடியோவைப் பார்த்தால் நம் ராணிப்பேட்டை, ஆம்பூர் தொழில்காரர்கள் பாட்டை மறந்துவிட்டு ஜாக்கெட்டின் தையலைத்தான் பார்ப்பார்கள்! 1982-இல் வந்த ‘ஹாட் ஸ்பேஸ்’ முழுக்க நடனத் தாளத்தின் பக்கம் சாய்ந்தது. பழைய ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்றது ஒரு கட்சி. ஆடக்கூட முடியாத பழைய பாட்டுகளைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள் என்றது மறு கட்சி. விமர்சகர்களில் பலர் தொடக்கத்திலிருந்தே இவர்களை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கியிருந்தார்கள்.

இசையைத் தாண்டிய ஒரு மனக்கசப்பும் உண்டு. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குக் கலைஞர்கள் போகக்கூடாது என்று ஐ.நா. கேட்டுக்கொண்டிருந்தது. அதை மீறி 1984-இல் குயின் அங்கே சன் சிட்டியில் பாடியது. பிரிட்டன் இசைக் கலைஞர்கள் சங்கம் அபராதம் விதித்தது. ரசிகர் என்பதற்காக இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கோபம் நியாயமானது.

அடுத்த ஆண்டு, 1985 ஜூலை 13. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சி நடந்தது. எதிரே 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். குயின் மேடையில் இருந்தது சுமார் 21 நிமிடம். ஃபிரெடி வெள்ளை பனியனும் மல்யுத்த வீரர்கள் போடும் உயரமான வெள்ளை ஷூவும் அணிந்து வந்தார். ‘பொஹீமியன் ராப்சடி’யின் ஒரு பகுதியையும் ‘ரேடியோ காகா’வையும் அடுத்தடுத்துப் பாடினார். இரண்டு கட்சியும் சேர்ந்து கைதட்டியது.

வேலூரும் அந்த நோயும்

1980-களில் எய்ட்ஸ் என்றாலே உலகம் நடுங்கியது. நம் ஊருக்கு இதில் ஒரு முக்கியப் பங்கு உண்டு. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் நம் சி.எம்.சி.யில்தான் சோதிக்கப்பட்டன. எச்.ஐ.வி. இந்தியாவில் இருக்கிறது என்று முதலில் தெரியவந்தது இங்கேதான்.

அதே காலத்தில் லண்டனில் ஃபிரெடிக்கும் அந்த நோய் வந்திருந்தது. நெருங்கியவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. தன் இந்தியப் பூர்வீகத்தைப் பற்றி வெளியே அதிகம் பேசாதவர், நோயையும் அப்படியே வைத்துக்கொண்டார். மெலிந்த உடம்போடு ‘இன்னுவென்டோ’ ஆல்பத்துக்குப் பாடினார். அதன் தலைப்புப் பாட்டு 6 நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது, பழைய பாணியில் பல திருப்பங்களோடு. 1991-இல் பிரிட்டனில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. அந்த ஆண்டு நவம்பர் 23 அன்று தனக்கு எய்ட்ஸ் என்று அறிவித்தார். மறுநாள் இறந்தார். வயது 45. பார்சி முறைப்படி இறுதிச் சடங்கு நடந்தது.

அவர் இன்னும் ஐந்து ஆண்டு தாக்குப்பிடித்திருந்தால் கூட்டு மருந்துச் சிகிச்சை கிடைத்திருக்கும். நம் அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் அது இலவசம். ஒரே லிஃப்டில் போவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ இந்த நோய் தொற்றாது. வீடு வாடகைக்குக் கேட்பவரிடமும் வேலைக்கு வருபவரிடமும் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில் இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

நீங்கள் எந்தக் கட்சி?

சான்சிபார், பாஞ்ச்கனி, லண்டன் என்று வளர்ந்த ஒருவருக்கு, இதுதான் என் இசை என்று ஒரே இடத்தில் உட்காரத் தோன்றவில்லை. 1988-இல் ஸ்பெயின் ஓபரா பாடகி மொன்செராட் கபாயேவோடு சேர்ந்து ‘பார்சிலோனா’ என்று ஓர் ஆல்பமே செய்தார். 1975-இன் ஓபரா ஆசையும் 1982-இன் நடன ஆசையும் ஒரே மனிதருடையவை. இரண்டு கட்சியும் தங்களுக்குப் பிடித்ததைச் சரியாகத்தான் சொல்கின்றன. மற்றது போலி என்று சொல்லும்போதுதான் தவறுகின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பாட்டை இந்த வரிசையில் கேளுங்கள்: ‘பொஹீமியன் ராப்சடி’, ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’, ‘இன்னுவென்டோ’. உங்கள் ஓட்டு எதற்கு என்று அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். இரவு 10 மணிக்கு மேல் கேட்பதாக இருந்தால் தயவுசெய்து ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். மேல்வீட்டுக்காரர் எதிர்க்கட்சியாக இருக்கலாம்.